முப்பத்தொன்றாம் குழாய்

புன்ட்டா அரேனாஸில் காற்று ஓய்வதே இல்லை.
கோடையிலும், இந்த ஜனவரியிலும்,
ஆய்வகத்து ஜன்னல்கள் பல்லை நறநறக்கின்றன.
என் வேலை சின்னது:
பண்ணையிலிருந்து வரும் ஆட்டுக்குட்டிகளின் சிறுகுடலை
ஐஸில் வைத்துக் கழுவி,
உள்தோலைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி,
சில நொடிகளில் அது எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது
என்று கணக்கெழுதுவது.

பிறந்த அன்று குடல், கதவு வைக்காத வீடு.
சீம்பாலில் வரும் தாயின் காவல் முழுவதும்
உடையாமல் செரியாமல் அப்படியே உள்ளே போகும்.
ஒரு நாள். மிஞ்சினால் ஒன்றரை.
பிறகு அடைத்துக்கொள்ளும்.
எந்தத் தாய் வந்து தட்டினாலும் திறக்காது.

அதன்பின் பால் காலம்.
பாலின் சர்க்கரையைத் தொட்டெடுக்க
உட்சுவர் முழுக்க மயிர் போல நின்றாடும் விரல்கள்.
மூன்றாம் வாரத்தில் குட்டி புல்லைக் கடித்துப் பார்க்கிறது,
பசித்தல்ல, பக்கத்தில் அம்மா கடிப்பதால்.
வயிற்றின் முதல் அறை உப்புகிறது.
புல்லின் இனிப்பையெல்லாம் அங்கேயே கிருமிகள்
தின்று புளிக்கவைத்துவிடுகின்றன.
கீழே குடலுக்கு ஒரு துளி சர்க்கரையும் வந்து சேராது.
வராத விருந்தாளிக்கு
எத்தனை நாள்தான் பாய் விரித்து வைப்பது?
சுருட்டிவிடும்.
பன்னிரண்டாம் வாரத்தில் என் எண்கள் தரை தட்டும்.
முப்பது குட்டி பார்த்தாயிற்று. முப்பதும் அப்படித்தான்.

முப்பத்தொன்று அப்படி இல்லை.

அதே பன்னிரண்டு வாரம்.
ஆனால் இரண்டு வாரக் குட்டியைப் போல இழுத்தது.
குழாய் மாறியதோ என்று பார்த்தேன்.
கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாய்க் கலக்கினேன்.
மூன்றாம் தடவையும் அதே எண்,
அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி.

பண்ணைக்குப் போன் போட்டேன்.
"புல்தான்," என்றார் மேற்பார்வையாளர் பாரியா.
"நவம்பருக்கப்புறம் இங்க எவன் கையிலும் பால்புட்டி கிடையாது."
பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
வைக்கப்போன போனை யாரோ வாங்கினார்கள்.
தட்டுகளின் சத்தம், கெட்டிலின் சீழ்க்கை.
எடுவினா ஒயார்ஸோ,
மயிர் கத்தரிக்கும் ஆட்களுக்குச் சமைப்பவள்.

"மஞ்சள் கம்மலா?"
ஆமாம், காது வில்லை மஞ்சள்தான்.
"குவாச்சோ அது," என்றாள்.
தாயில்லாக் குட்டிக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர்.
அப்பன் பேர் இல்லாத பிள்ளைக்கும் அதேதான்.
பள்ளிக்கூடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ராத்திரி மட்டும். எல்லாரும் படுத்தப்புறம்.
ஒரே ஒரு புட்டி, பால் பவுடர்.
எனக்குப் பால் ஒத்துக்காது,
என் பங்கை வேற என்ன செய்யறது?"

சப்பும்போது ஆட்டின் தொண்டைக்குக் கீழே
ஒரு மடிப்பு குவிந்து ஓடையாகும்.
பால் புல்லறைக்குள் விழாமல்
அதன் வழியே நேரே இறங்கும், இனிப்புக் கெடாமல்.
எடுவினாவின் குடல் என்றோ சுருட்டிய பாயை
இந்தக் குட்டியின் குடல்
பகலெல்லாம் புல்லை மென்றபடியே
ராத்திரி விருந்தாளிக்காக
விரித்தே வைத்திருந்திருக்கிறது.

"புட்டி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"
நான் பதில் தேடுவதற்குள்
அடுத்ததையும் கேட்டுவிட்டாள்:
"அங்க சரியா சாப்பிடுதா?"

ஐஸ் தட்டில் அது வெளுத்துச் சுருண்டு கிடந்தது,
என் இரண்டு முழம் நீளத் துண்டு.
"நல்லா சாப்பிட்டது," என்றேன்.

கெட்டில் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.
யாரும் அதை இறக்கவில்லை.

விலகிய எண்களை அடித்துவிடச் சொல்லி
மேலிடத்துக் குறிப்பு உண்டு. அடிக்கவில்லை.
உணவு என்ற கட்டத்தில் எல்லாக் குட்டிக்கும் சேர்த்து
'புல்' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது.
முப்பத்தொன்றுக்கு நேராக
பென்சிலில் எழுதினேன்:
இரவில், ஒரு புட்டி.